பதினான்கு மாத மதியச் சாப்பாடு

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அண்ணனோடு துறைமுகத்தில் வேலை பார்த்த நண்பர்களுக்கும், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அண்டைவீட்டாருக்கும் என் வணக்கம். தங்கை என்ற முறையில் நான்தான் இதை எழுத வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். எழுத எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்பதைப் படித்து வரும்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

அண்ணன் நிபோங் திபால் பக்கத்தில் பைராம் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா அங்கே எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டினார். அண்ணனுக்குப் பதினாறு வயதானபோது அப்பா காய்ச்சலில் படுத்து ஒரே வாரத்தில் போய்விட்டார். பள்ளியை விட்டுவிட்டு அண்ணன் ஜுருவில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தார். பிறகு பட்டர்வொர்த் பக்கத்துத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. படிப்படியாகக் கிரேன் ஓட்டப் பழகி, முப்பது ஆண்டுகள் அந்த உயரத்திலேயே உட்கார்ந்திருந்தார். அம்மாவையும் என்னையும் தம்பியையும் ஜார்ஜ் டவுனுக்கு அழைத்து வந்து ஜெலுத்தோங்கில் குடிவைத்து, தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரியில் கடல் தாண்டிப் போய் வந்தார். எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். தனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி யார் பேசினாலும், "கப்பல் வந்துருச்சு, அப்புறம் பேசலாம் லா" என்று எழுந்து போய்விடுவார்.

அண்ணனோடு பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். அவர் மிக வேகமாகச் சாப்பிடுவார். கிரேன் கூண்டுக்குள் பொட்டலச் சோற்றை ஐந்து நிமிடத்தில் முடித்துப் பழகியவர். மற்றவர்களுக்கு ரசம் வருவதற்குள் இவர் கை கழுவிக்கொண்டிருப்பார். வேலை நாட்களில் அவர் வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்டதே இல்லை. என் கணவர் மறைந்தபின் நான் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டேன். நானும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்ததால், மதியத்தில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அவர் பன்னிரண்டு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு நண்பர்களோடு சாப்பிட வெளியே கிளம்பிவிடுவார்.

ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சு குழறியது. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பியபோது, அவருக்குத் தொண்டையும் பாதி வேலை செய்யவில்லை என்று சொன்னார்கள். நாம் விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது. அவர் விழுங்குவது நுரையீரலுக்குள்ளும் போகலாம்.

மருத்துவமனையில் விழுங்கும் பயிற்சி கொடுத்த பெண் சுங்கை பட்டாணி ஊர்க்காரர். நம் தமிழ்ப் பெண். சமையலறையில் என்னென்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். தண்ணீர்கூட அப்படியே தரக்கூடாது, ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கித்தான் தர வேண்டும். அரைக் கரண்டி. தாடையை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்க வேண்டும். ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்க வேண்டும்.

"இருமுனா என்னம்மா செய்றது?" என்று கேட்டேன்.

"இருமட்டும் ஆண்ட்டி. இருமுறது நல்லது, உள்ள போனத வெளிய தள்ளுது. சில பேருக்கு இருமலே வராது. சத்தமில்லாம உள்ள போயிரும். அதுக்குத்தான் நாம பயப்படணும்."

அந்தச் சொல்லை நான் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அன்றிலிருந்து அண்ணன் இருமினாலும் எனக்குப் பயம், இருமாவிட்டாலும் பயம்.

வேலையை விட்டுவிட்டு நான் வீட்டில் இருந்தேன். முதல் மாதம் எப்படியோ கடந்தது. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், இடியப்பம் விற்பவரின் மோட்டார் ஹாரன் கீழே கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். நான் இறங்கிப் போய் வாங்கி வந்தேன். தேங்காய்ப்பூவை ஒதுக்கிவிட்டுப் பாலில் ஊறவைத்துப் பிசைந்து மதியத்துக்குக் கொடுத்தேன். முழுவதும் ஒதுக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். நான்காவது வாய் கொடுத்தபோது அண்ணனின் கை மேசையில் தட்டியது. இருமல் வரவில்லை. சத்தமே இல்லை. உதடு நீலமானது.

நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. எதிர் வீட்டு மலாய்ச் சகோதரி காக் ரோஸ் திறந்திருந்த கிரில் வழியாக ஓடி வந்தார். அண்ணனை நாற்காலியிலேயே முன்னால் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். ஐந்தாவது அடியில் ஓர் உருண்டை வெளியே விழுந்தது. அதில் தேங்காய் நார் இருந்தது. அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு அழுதார். அண்ணன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

அன்றோடு நான் சமைப்பதை நிறுத்திவிட்டேன் என்றே சொல்லலாம். அரிசிக் கஞ்சியை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, உப்பு மட்டும் போட்டுக் கொடுத்தேன். காலை அதுவே, மதியம் அதுவே, மாலையும் அதுவே. ஒவ்வொரு வாய்க்கும் அவர் தொண்டைக் குழியையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது ஏறி இறங்கும்வரை நான் மூச்சு விடமாட்டேன். அவர் ஏதாவது கேட்டால், "கடையில முடிஞ்சிருச்சாம் அண்ணே" என்று பொய் சொன்னேன். மூன்று வாரத்தில் அவருடைய சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. பிறகு ஒரு மதியம், கரண்டி அருகே போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நாளும் அப்படித்தான்.

மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்றார். எனக்கு அதைக் கேட்டு நிம்மதியாக இருந்ததை நான் இங்கே மறைக்க விரும்பவில்லை. குழாய் வந்துவிட்டால் இனிக் கரண்டி என் கையில் இருக்காது. ஏதாவது ஆனாலும் அது என் கையால் ஆகாது.

பயிற்சியாளர் பெண்ணை வைத்துக்கொண்டு அண்ணனிடம் பேசினோம். தம்பியும் ஜுருவிலிருந்து வந்திருந்தான். குழாய் போட்டாலும் நிமோனியா வரலாம், வாயால் சாப்பிட்டாலும் வரலாம், வாயால் சாப்பிடுவதில் ஆபத்து கூடுதல், இதை யோசித்து அங்கிளே முடிவு செய்யலாம் என்று அந்தப் பெண் விளக்கினார்.

"வேணாம்," என்றார் அண்ணன்.

"அண்ணே, எனக்குப் பயமா இருக்கு. அன்னிக்கு மாதிரி ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?" என்றேன்.

அண்ணன் வார்த்தைகளைத் தேடி எடுக்க நேரமானது. நாங்கள் காத்திருந்தோம்.

"ஒனக்குப் பயம். எனக்குப் பசி."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணன் இன்னும் முடிக்கவில்லை. "நீ சாப்பிடல," என்றார். உண்மைதான். அவர் வாயையே பார்த்துக்கொண்டு, அந்த மூன்று வாரமும் நான் மதியத்தில் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. "ரெண்டு பேரும் சாப்பிடுவோம்."

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு என்று ஒன்று தொடங்கி, பதினான்கு மாதம் நடந்தது. பன்னிரண்டரை மணிக்குச் சமையலறை ஜன்னலோரம் இரண்டு நாற்காலி. அவருக்குச் செய்ததையே நானும் சாப்பிட்டேன். கீரையும் பருப்பும் மையாக மசித்து ஒரு நாள். கெம்போங் மீன் குழம்பு ஒரு நாள். அன்று மட்டும் நான் மீனை மூன்று முறை விரலால் உதிர்த்து முள் தேடுவேன், பிறகு நானே ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பேன், அப்புறமும் பயப்படுவேன். ரசத்தில் மாவைக் கலந்து கொடுத்தபோது அண்ணன் கரண்டியைத் தூக்கிப் பார்த்து, "ரசமா, பசையா?" என்று கேட்டார். தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் தாவ் ஃபூ ஃபா வாங்கி வருவான். சோயாப் பாலில் செய்யும் அந்த மெத்தென்ற இனிப்பு, பாகை வடித்துவிட்டால், அண்ணனுக்கு வழுக்கிக்கொண்டு இறங்கும்.

டுரியான் பருவத்தில் நான் பயந்துகொண்டே பயிற்சியாளருக்கு அழைத்துக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "ஆண்ட்டி, நார் இல்லாத பழமா பாத்து நல்லா மசிச்சுக் குடுங்க. நாங்க மாவு போட்டுக் கஷ்டப்பட்டுக் கொண்டுவர்ற கெட்டி அதுல தானாவே இருக்கு." பாலேக் பூலாவிலிருந்து வந்த பழம். அண்ணன் இரண்டு சுளையை ஒரு மணி நேரம் சாப்பிட்டார். ஐந்து நிமிடத்தில் ஒரு பொட்டலத்தை முடித்தவர், கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாயைப் பத்து எண்ணும்வரை நாக்கிலேயே வைத்திருந்தார்.

நாலைந்து வாய்க்கு ஒரு முறை அவரைப் பேசச் சொல்ல வேண்டும். குரல் ஈரமாகக் கரகரத்தால் ஏதோ தொண்டையில் தங்கிவிட்டது என்று பொருள், உடனே நிறுத்திவிட வேண்டும். "ஆ" என்று சொன்னாலே போதும். அண்ணனோ அதைச் சொல்லமாட்டார். தான் ஏற்றி இறக்கிய பெட்டிகள் எந்தெந்த ஊருக்குப் போயினவோ அந்த ஊர்ப் பெயர்களைச் சொல்வார். "கொழும்பு." கரண்டி. "சிட்டகாங்." கரண்டி. "ரங்கூன்." நான் ஒவ்வோர் ஊரையும் காது கொடுத்துக் கேட்டேன். ஏதாவது ஓர் ஊர் கரகரத்துவிட்டால், சாப்பாட்டை மூடிவிட்டு அரை மணி நேரம் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு முறை காய்ச்சல் வந்தது. இரண்டு முறையும் மருந்தில் அடங்கியது. ஒவ்வொரு முறையும், இனிக் கஞ்சி மட்டும்தான் என்று மனதுக்குள் முடிவு செய்தேன். உடம்பு தேறியதும் அவர் பன்னிரண்டரைக்கு ஜன்னலோர நாற்காலியைப் பார்ப்பார். நான் மீண்டும் பருப்பை அடுப்பில் ஏற்றுவேன்.

கடைசி மாதத்தில் அண்ணன் ஒன்று கேட்டார். நாசி கண்டார் கடைக் குழம்பு. நாலைந்து குழம்பையும் ஒன்றாகச் சோற்றில் ஊற்றி வெள்ளமாக்கித் தருவார்களே, அது. நான் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். தம்பியிடம், "காரம் தொண்டையில ஏறிருச்சுன்னா?" என்று கேட்டேன். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்தான். குழம்பை இரண்டு முறை வடிகட்டினேன். சோற்றைக் குழைய வேகவைத்து மசித்தேன். முதல் கரண்டி அவர் சட்டையில் கொட்டியது. அண்ணன் பதினொரு வாய் சாப்பிட்டார். நடுவில் ஒரு முறைகூட இருமவில்லை. குரலும் சுத்தமாக இருந்தது. முடிந்ததும் இடது கையால் என் தட்டைக் காட்டினார். நான் இன்னும் ஒரு வாய்கூட எடுத்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை காய்ச்சல் வந்தது. மதியத்துக்குள் மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை காக் ரோஸ் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் மருத்துவர், கடைசி இரண்டு மூன்று நாளில் என்ன சாப்பிட்டார், யார் கொடுத்தது என்று மலாயில் கேட்டார். அவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விதான். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைச் சொன்னால் என்ன நினைப்பாரோ, சொல்லாவிட்டால் வைத்தியம் தப்பிப் போகுமோ என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அண்ணன் இடது கையால் ஆக்ஸிஜன் முகமூடியைத் தூக்கினார்.

"சாயா யாங் மிந்தா," என்றார். நான்தான் அதைக் கேட்டேன் என்று அர்த்தம்.

மருத்துவர் முகமூடியை மெதுவாகத் திரும்பப் போட்டுவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். யாரும் என்னைத் திட்டவில்லை.

ஆறாம் நாள் பகலில், தம்பியும் நானும் பக்கத்தில் இருக்கும்போது, அண்ணனின் மூச்சு அடங்கியது.

துக்க வீட்டில் சிலர், "குழாய் போட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு" என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அதே கேள்வியை நானும் மருத்துவரிடம் கேட்டேன். அந்தக் குழம்பாலா என்று யாராலும் சொல்ல முடியாது, இந்த நோயில் சொந்த எச்சிலே உள்ளே இறங்கிக் காய்ச்சலைக் கொண்டுவரும் என்றார். ஆகவே எனக்கும் தெரியாது. தெரியாமலேதான் இந்த ஓராண்டைக் கழித்தேன். நடந்ததை நடந்தபடி நீங்கள் என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதினேன்.

அண்ணனின் உயிரை ஒரு முறை தன் கையால் மீட்டுக் கொடுத்த காக் ரோஸ் அவர்களுக்கும், எத்தனை முறை அழைத்தாலும் சலிக்காமல் பதில் சொன்ன பயிற்சியாளருக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த துறைமுக நண்பர்களுக்கும், வெயிலில் வரிசையில் நின்று அந்தக் குழம்பை வாங்கி வந்த தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனைப் பற்றிப் பேசியவர்களுக்கும், பேசாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களுக்கும் நன்றி.

இன்று படையல் முடிந்ததும் எல்லோரும் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டுகிறேன். பரிமாறும்போது நான் உங்கள் முகத்தைவிட உங்கள் கழுத்தையே அதிகம் பார்த்துக்கொண்டிருக்கலாம். யாராவது லேசாக இருமினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரப்படாமல் சாப்பிடுங்கள்.