ஒட்டு இல்லாத முதல் மணி

டைப் அடிப்பவருக்கு உலகத்தில் எல்லா விஷயமும் அரைப் பக்கம் தெரியும், எதுவும் முழுசாகத் தெரியாது. எண்பதுகளில் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பழைய மெஷினோடு நான் மல்லுக்கட்டிய கதை இது. கார்பன் தாளில் விரல் கறுத்தவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

கேட்காமல் போட்ட மரியாதை

சிங்கவரத்து விவசாயி ஒருவர் வேர்க்கடலைக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குக் கரண்ட் கேட்டு மனு அடிக்க வந்தார். "மல்லாட்டை காயுது, சீக்கிரம் கனெக்ஷன் குடு", அவ்வளவுதான் அவர் சொன்னது. 'மதிப்பிற்குரிய ஐயா', 'பணிவுடன் வேண்டுகிறேன்' எல்லாம் என் கைச்சரக்கு. விட்டுப்போனதை நானே நிரப்பிவிடுவது என் பழக்கம், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. படித்துக் காட்டியதும் அவர் தலையைச் சொறிந்தார்.

"இதெல்லாம் நான் எப்போம்மா சொன்னேன்? சரி, நல்லாத்தான் இருக்குது, உட்டுடு."

சாணித் தொட்டிக் கிருமி

ஜமீலா எங்கள் தெருப் பெண். மெட்ராஸில் ஆராய்ச்சி செய்தவள், கையால் எழுதிய ஆய்வேட்டுக் கட்டை டைப் அடிக்கக் கொண்டுவந்தாள். தொண்டூரில் ஒரு கோபர் கேஸ் தொட்டியிலிருந்து கிருமி எடுத்து ஆராய்ந்தாளாம். சாணியில் என்னடி ஆராய்ச்சி என்று கேட்டேன். சளைக்காமல் சொன்னாள். எந்த உயிரும் புரதத்தை மணி கோர்ப்பதுபோல் கோர்க்கிறது. முதல் மணி மெத்தியோனின். சாதாரண பாக்டீரியா அந்த மணிமேல் ஃபார்மைல் என்று ஒரு ஒட்டுப் போடும், நம் செல் போடாது. இந்தத் தொட்டிக் கிருமி பார்வைக்கு பாக்டீரியாதான், ஆனால் ஒட்டுப் போடுவதில்லை. கோர்வையை அது எந்த இடத்தில் தொடங்கும் என்பதையும் சேர்த்து ஒரே வரியில் முடித்தாள்.

"எங்க ஆரம்பிக்கறதுன்னு கண்டுபுடிக்கறது பாக்டீரியா மாதிரி, ஆரம்பிக்கறது நம்மள மாதிரிக்கா."

என் தயவில் ஒரு ஒட்டு

முதல் அத்தியாயம் பாக்டீரியா. வரிக்கு வரி 'ஃபார்மைல் மெத்தியோனின்' என்று அடித்து விரல் பழகிவிட்டது. மூன்றாவது அந்தத் தொட்டிக் கிருமி, அதில் வெறும் 'மெத்தியோனின்' வந்தது. அவசரத்தில் விட்டிருக்கிறாள் பாவம் என்று எல்லா இடத்திலும் ஃபார்மைலைச் சேர்த்தேன், நாலு நகலிலும். ஜமீலா சொன்னது ஞாபகமே வரவில்லை. அடிக்கும்போது விரல்தான் யோசிக்கும்.

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள். வெள்ளிக்கிழமை வாங்க வந்தவள் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டி, முகம் வெளுத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த ஒட்டு இல்லன்னு காட்டத்தாங்கா மூணு வருஷம் சாணியில கைய வச்சேன்."

திருப்பி அடித்த பக்கம்

சனி, ஞாயிறு இரண்டு பகலும் அவள் வாசிக்க நான் அடித்தேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டாள். பல மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு முடிந்து, டாக்டர் பட்டம் உறுதியான கையோடு கடைக்குத்தான் முதலில் வந்தாள்.

"ஒட்டு இல்லன்னு எந்தப் பக்கத்துல இருக்குதுன்னுதாங்கா மொதக் கேள்வியே. நீங்க திருப்பி அடிச்ச பக்கத்தத்தான் எடுத்துக் காட்டினேன்."

அன்றிலிருந்து மனுவுக்கு மட்டும்தான் கேட்காமல் ஒட்டுப் போடுகிறேன், மற்றதில் விட்டுப்போனதாகத் தோன்றினால் மெஷினை நிறுத்திவிட்டு வாயைத் திறந்து கேட்டுவிடுகிறேன்.