நின்று நின்று ஓடிய மில்

என் கணவர் காலமானபோது எனக்கு மிஞ்சியவை இரண்டு பெண்பிள்ளைகளும் கிளிநொச்சியில் ஒரு நெல் குத்தும் மில்லும்தான். பிள்ளைகளை எப்படியும் வளர்த்துவிடலாம் என்ற துணிவு எனக்கு இருந்தது. மில் விஷயத்தில் அந்தத் துணிவு வரவில்லை. எஞ்சினுக்கு வயது போய்விட்டது. மழைக்காலத்தில் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அவர் இருந்தவரை அதனோடு கதைத்துக் கதைத்தே ஓட்டிவிடுவார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கொழும்பிலிருந்து ஒரு கொம்பனி வன்னிப் பக்கத்து மில்களை வாங்குகிறது என்று கேள்விப்பட்டதும், மில்லையும் அதனோடு ஒட்டி நாங்கள் இருந்த வீட்டையும் விற்றுவிடுவது என்று முடிவெடுத்தேன்.

கிளிநொச்சிக்குக் கிட்ட அக்கராயனில், குளத்துத் தண்ணீர் பாய்கிற ஒரு வயல் துண்டும் அதன் கரையில் சிறிய கல்வீடும் அப்போது விலைக்கு வந்திருந்தன. மில் விற்ற காசு அதற்குப் போதுமானால் நானும் பிள்ளைகளும் எங்கள் பாட்டில் இருந்துகொள்ளலாம். காணாவிட்டால் யாழ்ப்பாணத்தில் அண்ணர் வீடுதான். அண்ணர் நல்ல மனிதர். அண்ணி அவரைவிட நல்லவ. ஆனால் அந்த வீட்டில் சமைக்கிற குசினி ஒன்றுதான். அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் எத்தனை மாதம் நல்லவர்களாக இருந்திருப்போம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருடைய நெல்லைக் குத்தி முடிந்ததும் அடுத்தவருடையதை உடனே கொட்டுவதில்லை. எஞ்சினோடு பூட்டிய வாரைத் தள்ளி இயந்திரத்தை நிறுத்தி, நெல் கொட்டுகிற தொட்டியையும் அரிசி விழுகிற வாயையும் சின்ன விளக்குமாற்றால் கூட்டித் துப்புரவாக்கி, அந்தக் கடைசி மணியையும் உரியவரிடம் கொடுத்த பிறகுதான் மற்ற நெல் விழும். அவரவர் வயல் நெல் அவரவர் அரிசியாக வரவேண்டும் என்பது என் கணவரின் பிடிவாதம். ரோட்டடியில் இருந்த பெரிய மில்லில் எல்லாரது நெல்லையும் ஒன்றாகக் கொட்டி, நிறுவைக்கு நிறுவை அரிசி கொடுப்பார்கள். வேலை மளமளவென்று முடியும். இங்கே பாதி நாள் கூட்டுகிறதிலேயே போகும். எண்ணெயை எரித்துத் தூசு தட்டுகிற மனிதர் என்று அவரை நான் எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு விளக்குமாற்றைத் தேடிக்கொண்டு போய்விடுவார்.

கொம்பனி தன் கணக்காளர் ஒருவரை அனுப்பியது. அமைதியான ஆள், நாற்பது வயதிருக்கும். வந்த அன்று எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், தராசைச் சரிபார்த்தார். எஞ்சினுக்கு நாங்கள் கொடுத்த விலையை, எனக்குத் துணையாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அண்ணர் பெருமையாகச் சொன்னபோது, அது அப்போதைய விலை, எனக்கு வேண்டியது இன்றைய விலை என்று பணிவாகச் சொல்லிவிட்டார். நிலம் குத்தகை நிலம், அதற்கு விலையே இல்லை. கட்டடத்தின் கூரை ஓட்டை. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அக்கராயன் வீடு என் கையைவிட்டுத் தூரப் போய்க்கொண்டிருந்தது. நான் கதவு ஓட்டையால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மில் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றார் கணக்காளர். அண்ணருக்கு அங்கேதான் மூளை வேலை செய்தது. மில் எவ்வளவு வேகமாகக் குத்துகிறது என்று பார்க்கத்தான் வருகிறார், இன்றைக்கு நிறுத்துகிற கதையே கூடாது, ஒன்றின் பின் ஒன்றாகக் கொட்டிக்கொண்டே இரு என்று எங்களிடம் வேலை பார்க்கும் எஞ்சின்காரத் தம்பியிடம் கட்டளை போட்டுவிட்டார். எனக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு அவருக்கு. அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை; என் வாயால் வந்திருக்க வேண்டிய யோசனைதான் அது.

காலபோகம் என்கிற மழைக்கால நெல் வெட்டு முடிந்த நேரம். முற்றம் நிறைய வண்டில்கள். நான் குசினியில் தேத்தண்ணீருக்கு உலை வைத்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் ஓடத் தொடங்கியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அத்தனை வருடமும் இடைக்கிடை நின்ற சத்தம் அன்றைக்கு நிற்கவில்லை. அந்த நிறுத்தத்தை அவ்வளவு காலமும் ஏசிய எனக்கு, அது வராமல் போனதும் இருப்புக் கொள்ளவில்லை. என் கணவரின் மூச்சு நின்ற அன்று இருந்தது போல இருந்தது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

முற்றத்தில் இரண்டு வண்டில்காரர் மூட்டைகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. போகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை. அண்ணர் கணக்காளரிடம், ஊர்ச்சனம் அப்படித்தான், பொறுமை இல்லாதவர்கள் என்று ஏதோ சமாளித்துக்கொண்டிருந்தார். கணக்காளர் கையில் மணிக்கூட்டோடு வண்டில்களையே பார்த்துக்கொண்டு நின்றார். தொட்டிக்குப் பக்கத்தில் அடுத்ததாக இருந்தது புளியங்குளத்துப் பக்கத்திலிருந்து வருகிற ஒருவரின் சாக்கு. வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. அம்மன் பொங்கலுக்கென்று வயலில் முதல் வெட்டிய மொட்டைக்கறுப்பன் என்கிற சிவப்பரிசி நெல். இயந்திரத்தின் வாயிலோ இன்னும் வேறு யாருடையதோ வெள்ளை அரிசி விழுந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் சாக்கில் கையை வைத்தபடி, ஏற்றுவதா விடுவதா என்று தெரியாமல், என்னைப் பார்த்தார்.

நிறுத்தினால் வேகம் போய்விடும், வேகம் போனால் விலை போய்விடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணி வீட்டுக் குசினிகூடக் கண்ணுக்குள் வந்து போனது. ஆனாலும் வாய் கேட்கவில்லை.

"நிப்பாட்டுங்கோ தம்பி," என்றேன். "கூட்டித் துடைச்சுப்போட்டு இவரின்ர நெல்லைப் போடுங்கோ."

அண்ணர் தலையில் கையை வைத்தார். எஞ்சின்காரத் தம்பி அதற்காகவே காத்திருந்தவர் போல வாரைத் தள்ளினார். விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. போகப் புறப்பட்ட வண்டில்காரரும் மாடுகளைத் திருப்பி மரநிழலில் விட்டார்கள். நான் கணக்காளரின் முகத்தைப் பார்க்காமல் குசினிக்குப் போய், தண்ணீர் வற்றிப்போன உலையை இறக்கிவைத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

அதன் பிறகு நடந்தவற்றை எஞ்சின்காரத் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். கணக்காளர் வண்டில்காரர்களோடு வேலிக்கரையில் போய் உட்கார்ந்துவிட்டாராம். எங்கிருந்து வருகிறீர்கள், வழியில் பெரிய மில் இருக்கிறதே, ஏன் அதைத் தாண்டி வருகிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாராம். பின்னேரம் குசினி வாசலுக்கு வந்து, இந்தத் துடைக்கிற பழக்கம் யாருடைய யோசனை என்று என்னிடம் கேட்டார்.

"இவரின்ர," என்று சுவரில் இருந்த படத்தைக் காட்டினேன். "நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான்."

அவர் சிரிக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "அம்மா, இருக்கிற சாமான் எல்லாத்துக்கும் இண்டைய விலையைப் போட்டாச்சு. அதுக்கு மேல கொம்பனி காசு குடுக்கிறதெண்டால் எதுக்கெண்டு நான் எழுதவேணும். நேற்று எனக்கு எழுத ஒண்டும் கிடைக்கேல்லை. இண்டைக்குக் கிடைச்சிருக்கு. பெரிய மில்லைத் தாண்டிச் சனம் இஞ்சை வாறதை நாங்கள் நன்மதிப்பு எண்டு எழுதுவம். இஞ்சை இருக்கிறதுக்குள்ள ஆகக் கூட விலை இதுக்குத்தான்."

பழைய எஞ்சினையும் ஓட்டைக் கூரையையும் விட, நான் ஏசின விளக்குமாற்றுக்கு விலை கூட. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருப்பதாகவும் சொன்னார்: எஞ்சினைக் கழற்றி விற்கலாம், இதைக் கழற்ற முடியாது. துடைக்கிறதை நிறுத்தினால் வண்டில்கள் வராது, பிறகு கொடுத்த காசை நட்டம் என்று எழுதவேண்டியதுதான். ஆகவே பழக்கத்தை மாற்றக்கூடாது, எஞ்சின்காரரையும் மாற்றக்கூடாது என்று கொம்பனிக்கு எழுதப்போவதாகச் சொன்னார். எழுதியும் இருக்கிறார். விலை அக்கராயன் வயலுக்கும் வீட்டுக்கும் போதுமாக இருந்தது.

அவரைப் பிறகு நான் கண்டதில்லை. நன்றி என்ற சொல்லைக்கூட அன்று ஒழுங்காகச் சொல்லவில்லை. இன்னொரு கோப்பை தேத்தண்ணீர் குடியுங்கோ என்றுதான் வந்தது. சத்தம் போடாமல் மூட்டையை ஏற்றிய அந்த வண்டில்காரர்களுக்கும் நன்றி சொல்லவேண்டும். அவர்கள் அன்றைக்கு எங்கள் முகத்துக்காக மூட்டையை ஏற்றாமல் விட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிய வந்திராது.

அடுத்த காலபோகத்தில் எங்கள் சொந்த வயலில் முதல் நெல் வெட்டினோம். பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வண்டிலில் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனேன். மில்லுக்குப் புதுக் கூரை போட்டிருந்தார்கள். எனக்கு யாரும் முன்னிடம் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மற்றவர்களைப் போல வரிசையில் சாக்கை வைத்துவிட்டு நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவரின் நெல் முடிந்தது. இயந்திரம் நின்றது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு எஞ்சின்காரத் தம்பி தொட்டிக்குள் குனிந்தார். கூட்டி முடிக்கும்வரை, வாழ்க்கையில் முதல்தடவையாக, ஒரு சொல்லும் ஏசாமல் காத்துக்கொண்டு நின்றேன்.