கவிழ்ந்த வண்டியில் புது டயர்

நீளமான ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே சிக்கிய கல்லைக் குனிந்து நெம்பிக்கொண்டிருப்பார் என் கணவர். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் அவர் முதுகுதான் தெரியும். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து அரியமங்கலம் கம்பெனிக்குச் சரக்கு ஏற்றி வரும் வண்டி அது. வீட்டுக்கு வரும்போது காட்டூரில் தஞ்சாவூர் ரோட்டோரம் நிறுத்துவார். விடிந்ததும், டயர் சூடேறும் முன் காற்றுப் பார்ப்பார். ஜோடி டயரில் உள்பக்கத்து டயர் காற்றிறங்கிக் கிடந்தாலும் வெளியே தெரியாது. அதனால் ஒவ்வொன்றையும் இரும்புக் கம்பியால் தட்டி ஓசை கேட்பார். இட்லி ஆறிப்போகும். நான் திட்டுவேன். "பின்னாடி வெடிச்சா டயரை மாத்திக்கலாம். முன்னாடி வெடிச்சா என்னை யாரு மாத்துறது?" என்பார்.

முன்பக்கத்து வலது டயர், பழைய டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது. அந்த ஒட்டு ஓரத்தில் பெயர ஆரம்பித்திருந்தது. மாற்றித் தரும்படி மேனேஜரிடம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருமுறை என் எதிரிலேயே போனில் கெஞ்சினார். "அடுத்த டிரிப்புல பார்ப்போம், பயமா இருந்தா சொல்லுங்க, வேற டிரைவர் இருக்காங்க" என்று அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வேறென்ன செய்வார்?

சித்திரை வெயில். தூத்துக்குடியிலிருந்து திரும்பும்போது, விராலிமலை தாண்டி மதுரை ரோட்டில் நல்ல மத்தியானத்தில் அந்த டயர் வெடித்தது. வண்டி வலப்பக்கம் இழுத்து, நடுத்தடுப்பில் ஏறிக் கவிழ்ந்தது. முழங்காலுக்குக் கீழே அவருடைய வலது காலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் வந்தார். நெற்றியில் திருமண் கலையாமல், கையில் ஆப்பிள் பையோடு. என்னை வராந்தாவுக்கு அழைத்து, மெதுவான குரலில், "போலீஸ் கேட்டா, கண்ணு சொக்கிருச்சுன்னு சொல்லச் சொல்லும்மா. மத்தியான வெயில்ல யாருக்கும் வர்றதுதானே. உங்களைக் கம்பெனி கைவிடாது" என்றார். கதவுக்கு உள்ளேயிருந்து என் கணவரின் குரல் வந்தது. மயக்கம் முழுதாகத் தெளியாத குரல். "நான் தூங்கல சார்." மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பையை வாங்கி வராந்தாவில் கொட்டினேன். ஆப்பிள்கள் உருண்டு ஓடின. அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் உடம்பு பற்றி எரிந்தது.

அண்ணனைக் கூட்டிக்கொண்டு, வண்டியை நிறுத்தி வைத்திருந்த போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். கேபின் நசுங்கி, கண்ணாடி உதிர்ந்து நின்றது. முன்பக்கத்து வலது சக்கரத்தைப் பார்த்தேன். புது டயர்! கருகருவென்று, மேலெல்லாம் மெல்லிய ரப்பர் முட்கள் துருத்திக்கொண்டிருந்தன. புது டயர் போட்ட நாட்களில் என் விரலைப் பிடித்து அந்த முட்களைத் தடவச் சொல்லி அவர் குழந்தைபோலச் சிரிப்பார். கொஞ்சம் ஓடினாலே தேய்ந்துவிடும் முட்கள் அவை. தூத்துக்குடியிலிருந்து வந்த டயரில் அவை எப்படி இருக்கும்?

எஸ்.ஐ. சலித்துக்கொண்டார். "இழுத்துட்டு வர்றதுக்கு மாட்டியிருப்பாங்கம்மா."

"அப்ப வெடிச்ச டயர் எங்க சார்?"

வண்டியைப் பரிசோதிக்க மோட்டார் வாகன ஆய்வாளர் வரும்வரை நான் அந்தச் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். தள்ளிப் போகச் சொன்னார்கள், போகவில்லை. ஆய்வாளர் வந்தார். அந்த முட்களைத் தடவிப் பார்த்தார். பிறகு நான் கேட்டதையே கம்பெனி ஆட்களிடம் கேட்டார். சாயங்காலத்துக்குள் கிழிந்த டயர் அரியமங்கலம் ஷெட்டிலிருந்து வந்து இறங்கியது. ஒட்டுப் பெயர்ந்து, உள்ளே கம்பிகள் துருவேறியிருந்தன. தூங்கி ஓட்டியதாக வழக்கில் எழுதவில்லை. டயர் வெடித்தது என்றே எழுதினார்கள். ஆனால் கால் போனவருக்கு இனி வண்டி இல்லை. மேனேஜருக்கோ அதைவிடப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது.

போன மாதம் ஸ்ரீரங்கம் கோயில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். அவர்தான். அதே திருமண். கைகூப்பி, "நல்லா இருக்கீங்களாம்மா? பெருமாள் சந்நிதிக்கு வந்திருக்கோம், பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

கூட வந்திருந்த என் மகளிடம், சுற்றியிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "நல்லாப் பாத்துக்கம்மா. உங்கப்பா காலு போனதும், வெடிச்ச டயரை ஒளிச்சு வெச்சிட்டுப் புது டயரை மாட்டினது இவரு கம்பெனிதான். அப்பா தூங்கிட்டாருன்னு பொய் சொல்லச் சொன்னது இவருதான்."

முன்னும் பின்னும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கூப்பிய கையைப் பிரித்து, கம்பித் தடுப்புக்கு அடியில் குனிந்து வெளியேறிப் போனார். வரிசை ஓர் ஆள் அளவுக்கு முன்னே நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.