கனகேஸ்வரி நட்ட பதின்மூன்று மரங்கள்

"மூக்கைச் சுளிக்காமல் மணந்து பாரும் தம்பி" என்று கசக்கிய இலைகள் இரண்டை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார் கனகேஸ்வரி அக்கா. ஒன்று அன்னமுன்னா, யாழ்ப்பாணத்தில் வளவுக்கு வளவு நிற்கிற பழமரம். மற்றது வெலத்தா, சதுப்பில் முளைத்துச் சதுப்பையே மூடிவிடுகிற காட்டுச் சாதி. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. எது எதுவென்று சொல்லிவிட்டுத்தான் சேற்றில் இறங்கலாம் என்பது அக்காவின் சட்டம். நான் மூன்றாம் முறையும் பிழையாகச் சொன்னேன். அவருக்கு அப்படியொரு சந்தோசம். "பரவாயில்லை, நீரும் என்ரை கட்சிதான். இறங்கும்" என்றார்.

வாரத்தில் ஐந்து நாள் கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் ரைப் அடிக்கிறவர் இவர். வயது ஐம்பத்திரண்டு. ஞாயிறு விடிந்தால் மகனின் பழைய காற்சட்டை, அதற்கு மேல் பூப்போட்ட சட்டை, தலையில் துவாய். வெள்ளவத்தையில் பஸ் ஏறி, நுகேகொடைப் பக்கம் கால்வாயை ஒட்டிக் கிடக்கும் ஆறு ஏக்கர் சதுப்புக்குப் போய்விடுவார். நானும் அக்காவின் ஒழுங்கையிலேயே குடியிருக்கிற பாவத்துக்குக் கூடவே போகிறேன்.

திரும்பி வருகிற வழியில் சோதனைச் சாவடி. அக்காவின் பையைத் திறந்தால் கழுவாத சப்பாத்தும் ஒரு போத்தல் கலங்கல் தண்ணீரும் இருக்கும். முதல்நாள் போத்தலைக் கண்ட ஆமிக்காரர் இரண்டடி பின்னுக்குப் போனார். பின்னால் வரிசையில் நின்ற நான் என் அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். இந்தக் காலத்தில், தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையோடு, கையில் என்னவென்று தெரியாத ஒரு போத்தலும்! அக்காவோ தன் அரைகுறைச் சிங்களத்தில் பாடம் தொடங்கிவிட்டார். உள்ளே நீந்துவது தும்பிக் குஞ்சாம், அது இரத்தம் குடிக்கிற நுளம்பின் குஞ்சைத் தின்னுமாம், சதுப்பு இருந்தால்தான் தும்பி இருக்குமாம். ஆமிக்காரர் மெல்லக் கிட்ட வந்து, குனிந்து பார்த்து, சிரித்துவிட்டார். இப்போதெல்லாம் "இன்றைக்கு என்ன குஞ்சு?" என்று அவரே கேட்கிறார்.

ஐந்து வருடத்துக்கு முன் இரவோடிரவாக லொறிகள் வந்து இந்தச் சதுப்பில் கட்டட இடிபாடுகளைக் கொட்டின. அக்கா எழுதாத கந்தோர் இல்லை. மனு அடித்து அடித்துக் களைத்தவர், கடைசியில் லொறி இறங்குகிற கரை நெடுகத் தானே மரம் நட்டார். சதுப்போரத்தில் முளைத்து நின்ற கன்றுகளைக் கண்டதும், "அட, எங்கடை அன்னமுன்னா" என்று பிடுங்கிப் பதின்மூன்றை வரிசையாக வைத்தார். மரம் கிடுகிடுவென்று வளர்ந்தது. லொறி வருவது நின்றது. வெள்ளவத்தையிலிருந்து ஏழு பேர், நுகேகொடைச் சிங்களவர் ஐந்து பேர் என்று ஒரு கூட்டமும் சேர்ந்தது. ஆகாயத்தாமரையை அள்ளி எறிந்தோம், தண்ணீர் வெளித்தது, நீலத் தாழைக்கோழி வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் இருளப்பன்தான் எங்களில் வேலை தெரிந்த ஒரே ஆள். கால்வாய் துப்புரவாக்குவதே அவருடைய தொழில்.

இந்த வருடம் முதல் பழம் பழுத்தது. அக்கா கோவில் பிரசாதம்போல் தட்டில் வெட்டி அடுக்கி எல்லோருக்கும் நீட்டினார். வாயில் வைத்தால் பெயின்ற் கரைக்கிற ரேப்பன்ரைன் வாசம். நாங்கள் மரியாதைக்கு மென்றுகொண்டு நின்றோம். அக்கா மட்டும் துப்பினார்.

"இருளப்பன், இது என்ன பழம்?"

"வெலத்தாங்கம்மா. நாங்க கால்வாயில தினமும் வெட்டி மாளாத சனியன் இதுதாங்க."

"ஐஞ்சு வருசமா ஏன் சொல்லேல்லை?"

"நீங்க படிச்சவங்க. நட்டா ஏதாச்சும் காரணம் இருக்கும்னு நெனச்சேங்க."

"நான் ரைப் அடிக்கத்தானே இருளப்பன் படிச்சனான்" என்றார் அக்கா. நுகேகொடைக்காரர் ஐந்து பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் முதலிலேயே தெரியும்.

அடுத்த இரண்டு ஞாயிறும் ஒருவரும் அந்த மரங்களின் பக்கம் போகவில்லை. எங்கோ மூலையில் குனிந்து புல்லுப் பிடுங்கினோம். மழையோ வரப்போகிறது. பழம் விழுந்தால் விதை மிதந்துபோய் ஆறு ஏக்கரையும் பிடித்துவிடும், வெளித்த தண்ணீர் திரும்ப மூடிவிடும். அதை அக்காவிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு அவரே சொன்னார்: "ஊருக்கு உபதேசம் உனக்கில்லையடி எண்டு ஆகிப்போச்சு என்ரை கதை. இருளப்பன், இதை எப்பிடிச் சாக்கொல்லுறது?"

வெட்டினால் துளிர்க்குமாம். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிட்டால் நின்றபடியே பட்டுப்போகுமாம். பட்ட மரம் கொஞ்சக் காலம் லொறியை மறிக்கும், அதற்குள் இடையில் மருதங்கன்று வைத்து எழுப்பிவிடலாம் என்றார் இருளப்பன். அன்றைக்கு அவர்தான் வாத்தியார். பாடசாலை ஆசிரியர்கள் சிலர் பார்க்க வந்தபோது, அக்கா ஒளிக்காமல் மறைக்காமல், "நட்ட விசரி நான்தான், கேள்வியை அவரிட்டைக் கேளுங்கோ" என்று கைகாட்டிவிட்டார். இலை மணக்கும் சோதனையும் அப்போது தொடங்கியதுதான்.

போன ஞாயிறு பன்னிரண்டு மரம் முடிந்திருந்தது. எஞ்சியது பதின்மூன்றாவது, இரண்டாள் உயரம், வரிசையிலேயே வடிவானது. அக்கா அதை அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று கடத்திக்கொண்டு வந்தார். உச்சியில் நாலு பழம் மஞ்சளாகி நின்றது. மேற்கே வானம் கறுத்துவிட்டது. நாங்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மரத்தில் ஏறினார். நாங்கள் கீழே படங்குச் சீலையை விரித்துப் பிடித்தோம். நாலு பழமும் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

"இறங்குங்கோ அக்கா" என்றேன்.

"நான் இறங்கேல்லை. இருளப்பன், இப்பவே உரியுங்கோ. இறங்கினால் மனம் மாறிப்போடும்."

இருளப்பன் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே அடிமரத்தில் கத்தியை வைத்தார். மேலே அக்கா ஒரு கையால் கொப்பைத் தடவிக்கொண்டு, மறு கையால் இனிப் பழுக்காதபடி அதன் பூமொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எங்கள் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்.