கன்னத்தில் ஒதுக்கிய புகையிலை

என் கணவர் சிகரட்டை விட்டது என்னால்தான். ஊர்காவற்றுறையில் அது தெரியாத ஆள் இருந்திருக்க மாட்டார். அத்தனை பேருக்கும் நானே சொல்லி வைத்திருந்தேன்.

சண்டைக்கு இடம்பெயர்ந்து ஊருக்குத் திரும்பி வந்த கையோடு மகளுக்கு முட்டு இழுக்கத் தொடங்கியது. புகை பட்டால் போதும், பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும். அவர் யாழ்ப்பாண பஸ்ஸில் கொண்டக்டர், ஓயாமல் சிகரட் பத்துகிறவர். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலத்தில் எங்கள் வேதக்கார ஆட்கள் இறைச்சியை விடுவார்கள், சிலர் சாராயத்தை விடுவார்கள். அந்த வருடம் அவர் சிகரட்டை விட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

மூன்றாம் நாளே வந்து நின்றார். "வாயைச் சும்மா வைச்சிருக்க ஏலாதப்பா."

"அப்ப பொயிலையைச் சப்புங்கோ. அதிலை புகை வராதுதானே."

அதைச் சொன்ன வாய் என்னுடையது. கடையில் புகையிலை வாங்கியதும், நறுக்கியதும், வெற்றிலையோடு மடித்துக் கொடுத்ததும் இந்தக் கைகள்தான். நாற்பது நாள் முடிந்து, உயிர்த்த ஞாயிறும் போயிற்று. அவர் சிகரட்டைத் திரும்பத் தொடவேயில்லை. மகளின் முட்டும் குறைந்தது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

வருடங்கள் போயின. பஸ்ஸிலும் கந்தோரிலும் சிகரட் பத்தக்கூடாது என்று சட்டம் வந்தபோது அவருக்கு ஒரே கொண்டாட்டம். கன்னத்தில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு, "அண்ணை, அதை நூத்துப்போட்டு ஏறுங்கோ. சட்டம் தெரியாதே?" என்று அதட்டுவார். கடைக்காரர் சிகரட் பெட்டிகளுக்கு மேலே ஓர் எச்சரிக்கை அறிவித்தல் ஒட்டினார். பக்கத்தில் கிடந்த புகையிலையை எனக்குப் பழைய பேப்பரில் சுற்றித் தந்தார். அந்தப் பேப்பரில் எச்சரிக்கை ஒன்றும் இல்லை. யாரோ ஒரு நடிகையின் படம் இருந்தது.

பிறகு அவருடைய உட்கன்னத்தில் ஒரு புண் வந்தது. வெள்ளையாக, சொரசொரப்பாக இருந்தது. உறைப்புப் பட்டால் துடித்துப்போவார். புகையிலையை அதன்மேலேயே வைத்தால் விறைத்து, நோவு தெரியாமல் போகிறது என்று அவரே கண்டுபிடித்தார். பல்வலிக்குப் புகையிலை வைத்து வளர்ந்த ஆட்கள்தானே நாங்கள். புண்ணில் குத்தாமல் இருக்கட்டும் என்று நானும் இன்னும் பொடியாக நறுக்கிக் கொடுத்தேன். ஆறு மாதம் கொடுத்தேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"சிகரட் பத்துறவரோ?"

"இல்லை டொக்டர், எப்பவோ விட்டிட்டார். நான்தான் விடப்பண்ணினனான்." அந்த நேரத்திலும் எனக்குப் பெருமை.

"பொயிலை?"

"ஓம், அது மட்டும்தான்."

"அது மட்டும் காணும் அம்மா. புற்றுநோய்க்குப் புகை தேவையில்லை."

சண்டையால் கொழும்புப் பாதை பூட்டியிருந்த காலம் அது. அனுமதி எடுத்து, கப்பலுக்குக் காத்திருந்து, கொழும்பு போய்ச் சேரும்போது நோய் நாக்கின் அடிவரை போய்விட்டது. நாக்கை வெட்டினார்கள். பஸ் முழுக்கக் கேட்ட குரல் அத்தோடு போயிற்று. பிறகு எல்லாவற்றையும் எழுதித்தான் காட்டினார். என்னைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அடுத்த தபசு காலத்துக்கு அவர் இல்லை.

செத்த வீட்டில் யாரோ ஒருவர் சிகரட்டைப் பற்றவைக்க, அவருடைய தம்பி ஓடிப்போய், "பிள்ளைக்கு முட்டெல்லோ, றோட்டிலை போய்ப் பத்துங்கோ" என்று கலைத்தார். அதே கையால் வெற்றிலைத் தட்டத்தை எடுத்தார். செத்த வீட்டில் தட்டம் வைக்காமல் விடுவது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் நிறைந்திருந்தது.

அவருடைய பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழாதையும் பிள்ளை. நீர் சிகரட்டை விடப்பண்ணினபடியால்தான் மனுசன் இவ்வளவு காலமாவது இருந்தவர்."

"பொயிலைதான் அவரைத் திண்டது! நான்தான் குடுத்தனான்!" என்று கத்தினேன். முற்றத்தில் சப்பிக்கொண்டிருந்த வாய்கள் எல்லாம் நின்றன.

"பாவம், தாங்க ஏலாமல் என்னவோ கதைக்கிறா," என்று தம்பியார் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, அடுத்த கதிரையில் இருந்தவரிடம் தட்டத்தை நீட்டினார். அவரும் ஒரு துண்டு எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கினார்.