தெருவரைக்கும் காட்டிக்கொடுத்த செயலி

போன வருஷம் மழை சற்றே விட்டு, மும்பை செம்பூரில் கணபதி பந்தல்களுக்கு மூங்கில் நடத் தொடங்கியிருந்த நேரம். நானும் என்னோடு கல்லூரியில் படித்த இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். வீட்டிலேயே படம் வரைகிறவர்கள், கைவேலை செய்கிறவர்கள் தங்கள் படைப்புகளை அதில் போடலாம். காலிச் சுவர் வைத்திருக்கும் காபிக் கடைக்காரர்கள், மாட்டுங்கா பக்கத்துச் சின்ன மண்டபக்காரர்கள் பார்த்துப் பிடித்தால் கண்காட்சி வைக்க இடம் கொடுப்பார்கள்.

திரையில் எது எங்கே வரவேண்டும் என்று வடிவமைப்பது என் வேலை. கேள்விகளைக் குறைத்துக்கொண்டே போவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. போனுக்கே தெரிந்த விஷயத்தை எதற்கு ஆளிடம் கேட்கவேண்டும் என்பேன். நண்பர்களும் தலையாட்டுவார்கள்.

அந்தச் சமயம் லேப்டாப் பை ஒன்று தைக்கக் கொடுத்து, அதை வாங்கத் தாராவிக்குப் போயிருந்தேன். பட்டறைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. பை வெட்டியது போக மிஞ்சிய தோல் துண்டுகளை ஒட்டிச் செய்தது. லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டி. கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கும் ஒருத்தி, மடியில் கீரையை வைத்து ஆய்கிற ஒருத்தி. யாருக்கும் கண், மூக்கு கிடையாது. ஆனால் கழுத்து சாய்ந்திருக்கும் விதத்திலேயே அவர்களுடைய அலுப்பு தெரிந்தது.

செய்தவள் அங்கேயே பைகளுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, என்னைவிடச் சின்னவள், ஒரு பெண் குழந்தைக்கு அம்மா. இன்னும் நிறைய செய்து வைத்திருப்பதாகச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் செயலியின் முதல் கலைஞர் இவள்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்து, அவளுடைய போனை வாங்கி நானே பதிவு செய்ய ஆரம்பித்தேன்.

சொந்தப் பெயர் வேண்டாம் என்று வேறு ஒரு பெயரைச் சொன்னாள். முகப் படமும் வேண்டாம் என்றாள். கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

“அக்கா, நான் எங்க இருக்கேன்னு இதுல பாக்கவங்களுக்குத் தெரியுமா?”

நான் போனிலிருந்து தலையை நிமிர்த்தக்கூட இல்லை. “சேச்சே, தாராவின்னு மட்டும்தான் காட்டும். இவ்வளவு பெரிய தாராவியில உன்னை யார் கண்டுபிடிக்கப் போறா?” என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

செம்பூர் காபிக் கடை ஒன்றின் சுவரில் அவளுடைய படங்களை மாட்டினோம். தொடக்க நாள் மாலை அவள் வரவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு செய்திருக்கிறோம், வந்து நின்றால் என்ன என்று நண்பர்களிடம் குறைபட்டுக்கொண்டேன். ரயில் படத்தை எங்கள் விளம்பரமாக்கி, கண்ணில் பட்ட வாட்ஸப் குழுக்களிலெல்லாம் அனுப்பினோம். அது கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போனது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மதியம் அவளிடமிருந்து போன். கிசுகிசுப்பாகப் பேசினாள்.

“அக்கா, அந்தாளு வந்துட்டான். எம் பிள்ளைக்கு அப்பன். பட்டறை முக்குல ஒங்க ஆப்ப போன்ல வச்சுக்கிட்டு நிக்கான். நாங்க ஷட்டர எறக்கிட்டு உள்ள இருக்கோம்.”

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. மும்பைக்கு வெளியே அம்பர்நாத்தில் தொழிற்சாலை வேலை அவனுக்கு. அவளுடைய கையை அவன் முறித்த அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்தவள். எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அங்கே இருந்தபோதும் துண்டு துணியில் இப்படித்தான் படம் செய்வாளாம். பெயரை மாற்றியிருந்தும் அவளுடைய கைவேலையை அவன் அடையாளம் கண்டுகொண்டிருக்கிறான்.

வெளி ஆள் பார்ப்பதுபோல் செயலியைத் திறந்து அவள் பக்கத்துக்குப் போனேன். தாராவி என்று இருந்தது. இரண்டு விரலால் வரைபடத்தை விரித்தேன். சாலை வந்தது. இன்னும் விரித்தேன். சந்து வந்தது. அவளைப் பதிவு செய்தபோது போன் இருந்த அந்தப் பட்டறையின் தகரக் கூரைமேல் சிவப்புப் புள்ளி உட்கார்ந்திருந்தது. காபிக் கடைகளுக்கு வழி காட்டப் போட்ட வரைபடத்தைக் கலைஞர்களுக்கும் அப்படியே எடுத்து வைத்தவள் நான்தான். வாடகைக் காரில் வந்தால் வீட்டு வாசலைக் காட்டாமல் முந்திய திருப்பத்திலேயே இறங்கிக்கொள்கிற பெண் நான். எனக்கு இது தோன்றவே இல்லை.

புள்ளியை உடனே எடுக்கச் சொல்லி நண்பனை விரட்டிவிட்டு ஓடினேன். சயான் வரை ஆட்டோ, அங்கிருந்து நடை. வழியில் பட்டறையிலிருந்து வயதான அம்மா ஒருவர் போனில் பேசினார். “ஏம்மா, நீ அவன எங்கயாச்சும் இழுத்துட்டுப் போ. நாங்க பொறவாசல் வழியா இவளக் கூட்டிட்டுப் போயி, பிள்ளையவும் பள்ளிக்கூடத்துல இருந்து எடுத்துக்கிடுதோம்.”

குடித்துவிட்டுக் கத்துகிற ஓர் ஆளை எதிர்பார்த்துப் போனேன். இஸ்திரி போட்ட சட்டையில், மூடிய ஷட்டருக்கு எதிரே அமைதியாக நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் இந்தியில் மரியாதையாக விசாரித்தான். நான் தடுமாறித் தமிழில் பதில் சொல்லிவிட்டேன்.

“தமிழா நீங்க? நல்லதாப் போச்சு மேடம். இந்த ஆர்ட்டிஸ்டத்தான் பாக்கணும்.” போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். “இந்த ஆப்ப எவ்வளவு அருமையா செஞ்சிருக்காங்க பாருங்க. தேடவே வேண்டாம், நேரா கொண்டாந்து விட்டுட்டுது.”

என் வேலையை அதுவரை யாரும் அப்படி மனசாரப் பாராட்டியதில்லை.

நான் கண்காட்சிக்காரி, படங்கள் செம்பூரில் இருக்கின்றன, அந்தப் பெண்ணும் அங்கேதான் வருவாள் என்று பொய் சொன்னேன். நம்பினான். ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையை நினைத்தால் சோறு இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தான். நடுநடுவே வரைபடத்தை விரித்து விரித்துப் பார்த்தான்.

காபிக் கடையில் ரயில் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். அவள் வரமாட்டாள் என்பது அவனுக்குப் புரிந்த நேரம் அதுவாகத்தான் இருக்கும். “என் பொண்டாட்டி செஞ்சது. என் சாமான்” என்று படத்தைப் பிடுங்கினான். கடைக்காரர் ஓடிவந்து மறுபக்கத்தைப் பிடித்தார். சட்டம் உடைந்து கண்ணாடி சிதறியது. மேஜைகளில் இருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். கடைக்காரர் போலீசுக்குப் போன் போடுவதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு வாசலுக்குப் போனான். அங்கிருந்து திரும்பி என்னைப் பார்த்து, “நீங்க மறைச்சாலும் ஆப் காட்டிரும் மேடம்” என்றான்.

அதற்குள் புள்ளி போயிருந்தது. அவளும் குழந்தையும் சயானைத் தாண்டிச் சுனாபட்டியில், அந்த வயதான அம்மாவின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பட்டறைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்துபோய்ப் போலீசில் புகார் கொடுத்தார்கள். அப்புறம் அவன் வரவில்லை. ஆனால் அவள் பட்டறை வேலையை விட்டாள். குழந்தை பள்ளிக்கூடம் மாறியது. சிநேகிதிகளிடம் சொல்லிக்கொள்ளக்கூட அதற்கு நேரம் கிடைக்கவில்லையாம்.

ஒரு வாரம் கழித்துத்தான் அவள் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் வந்தது. என்ன சொல்வது என்று ரயிலிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். தானாகவே இடத்தை எடுத்துக்கொள்ளும் அமைப்பு, சோதிக்காமல் விட்டது, இப்போது வரைபடத்தையே எடுத்துவிட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடித்த பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“நான் கேட்டேன்லா அக்கா. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா. நான் வேண்டாம்னு போயிருப்பேன்.”

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கேட்டபடி அவளுடைய படங்கள் எல்லாவற்றையும் செயலியிலிருந்து நீக்கிவிட்டு வந்தேன்.

செயலி இன்றும் ஓடுகிறது. எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று இப்போது ஒவ்வொருவரிடமும் கேட்கிறோம். கேள்விகள் அதிகம் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அவள் இப்போதும் படம் செய்கிறாளா என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் மனம் துணியவில்லை. தவறு செய்த வெட்கம் என்றாவது மங்கிவிடலாம். ஆனால், உயிருக்குப் பயந்து ஒருத்தி கேட்ட கேள்விக்கு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவ்வளவு உற்சாகமாகப் பதில் சொன்ன என் குரல் நினைவுக்கு வரும்போதெல்லாம், யாரும் இல்லாத அறையிலும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரிவதில்லை.