புழுதி போன பிறகு

கோடையில் வரும் நாதாம் திருவிழாவின் குதிரைப் பந்தயத்துக்கு இரண்டு இடங்களில் கூட்டம் சேரும். புறப்படும் இடத்தில் கொஞ்சம் பேர், முடியும் இடத்தில் ஊரே. இடையில் கிடக்கும் புல்வெளிக்கு யாரும் போவதில்லை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது? சிறிது நேரம் புழுதி, பிறகு அதுவும் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சமைக்கிற துல்மா அக்கா மட்டும் வருடா வருடம் அந்த நடுவிடத்துக்குத்தான் போகிறார். மோட்டார் சைக்கிளில் முந்திப் போகிற இளவட்டங்கள் வண்டியை நிறுத்திக் கிண்டல் செய்வார்கள்.

“நடுவுல நின்னா யாரு ஜெயிச்சான்னு எப்படிக்கா தெரியும்?”

“தெரிஞ்சு நான் என்னடா பண்ணப் போறேன். நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் பந்தய நாளன்று காலை முதல் அவர் தொண்டையில் தேநீர்கூட இறங்கியிருக்காது. இது பக்கத்து வீட்டுக்காரியான எனக்குத் தெரியும்.

சிறுமியாக இருந்தபோது துல்மாவுக்குக் குதிரையைத் தவிர வேறு உலகம் இல்லை. ஆட்டின் கணுக்கால் எலும்பில் ஒரு பக்கத்துக்குக் குதிரை என்று பெயர். மற்ற பிள்ளைகள் எலும்பை உருட்டி விளையாடிவிட்டுப் போவார்கள். இவள் குதிரைப் பக்கம் விழுந்தவற்றைப் பொறுக்கிக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவாள். பந்தயம் முடிந்து குதிரை மேலிருந்து வழித்தெடுக்கும் வியர்வையை நெற்றியில் பூசிக்கொண்டு, அம்மா துரத்தினாலும் முகம் கழுவ மாட்டாள். அப்பா நம்சிராய் கூட்டுப்பண்ணையில் குதிரை மேய்ப்பவர். அவர் வளர்த்த சாம்பல் நிறக் குதிரையை இரண்டு கோடைகள் பந்தயத்தில் ஓட்டியவள் அவள்தான்.

பந்தயத்தில் சவாரிக்குச் சின்னப் பிள்ளைகள்தான் வேண்டும். மூன்றாவது கோடையில் அவள் கால்கள் நீண்டுவிட்டன. “நீ கனத்துட்டடி” என்று சொல்லி அப்பா, தம்பி ஒசோரைச் சாம்பல் மேல் ஏற்றினார். அவனுக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்தது. துல்மா வீட்டுக் கூடாரத்துக்குப் பின்னால் போய் அழுதாள். தம்பி மேல் கோபம் இல்லை. தான் இல்லாமல் சாம்பல் ஓடப் போகிறதே என்பதுதான்.

ஆகவே அந்த ஆண்டு அவள் முதன்முறையாக முடியும் இடத்தில் நின்றாள். அடிவானத்தில் புழுதி எழுந்தது. புழுதிக்குள்ளிருந்து முதலில் ஒரு செவலை, பிறகு ஒரு கறுப்பு, மூன்றாவதாகச் சாம்பல். கூட்டம் கத்தியது. துல்மாவும் கத்தினாள். சாம்பல் அருகில் வந்தபோதுதான் அதன் முதுகில் யாரும் இல்லை என்பது தெரிந்தது. கால் வைக்கும் அங்கவடிகள் இரண்டும் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தன.

எங்கள் பக்கத்து வழக்கப்படி அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஓடியது குதிரை, பரிசும் குதிரைக்கு; முதல் ஐந்து இடங்களுக்கும் பதக்கமும் புகழ்பாட்டும் உண்டு. சாம்பலைச் சுற்றி ஆட்கள் நெருக்கினார்கள். வியர்வையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். புளித்த குதிரைப்பாலை அதன் பிட்டத்தில் தெளித்தார்கள். புகழ்பாடுபவர் நீலத்துணியைக் கையில் ஏந்தி, அதன் காதையும் கண்ணையும் குளம்பையும் வரிசையாகப் பாடத் தொடங்கினார். பாட்டு முடியும்வரை உரிமையாளர் கடிவாளத்தைப் பிடித்தபடி நிற்க வேண்டும். நம்சிராய் நின்றார்.

அம்மாவின் கையில் பால் கரண்டி இருந்தது. தூக்கிய கரண்டி தூக்கியபடியே நின்றது. ஜெயித்த குதிரையின் முன்னால் அழக்கூடாது.

துல்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, ஒசோர் எங்க?”

“பின்னால லாரியில வருவான்” என்றார் அவர், உதடு அசையாமல். “பேசாம இரு. பாட்டு முடியட்டும்.”

விழுகிற பிள்ளைகளை ஏற்றிவர ஒரு லாரி பந்தயத்தின் பின்னால் வரும். அது வந்து நின்றது. அவள் ஓடிப்போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு பழைய டயரும் சுருட்டிய கம்பளமும் இருந்தன.

“என்கிட்ட யாரும் ஏறலையே பாப்பா” என்றார் டிரைவர். “வழியில ஒரு புள்ளையும் பாக்கல.”

பாட்டு இன்னும் குளம்புக்கு வரவில்லை. துல்மா அம்மாவின் குதிரையை அவிழ்த்து ஏறினாள். அப்பா பார்த்தார். கூப்பிடவில்லை.

பந்தயத் தடத்தில் மிதிபட்ட புல் நெடுந்தூரம் தெரிந்தது. கூட்டத்தின் இரைச்சல் சீக்கிரமே அறுந்துவிட்டது. வழியில் ஒரு சாட்டை கிடந்தது, தம்பியுடையது இல்லை. கொஞ்ச தூரத்தில் கழுகு ஒன்று வட்டமிட்டது. அதன் கீழே குதிரையை விரட்டினாள். அங்கே கிடந்தது மர்மோட் என்கிற வளை தோண்டும் பெரிய அணில், செத்துப்போய்.

தரையெங்கும் மர்மோட் வளைகள். சாம்பலின் கால் ஒரு வளையில் இடறியிருக்க வேண்டும். அதற்கு அப்பால் புல் அவள் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. குதிரை ஓடிய வேகத்தில் திடீரென்று ஒன்று தோன்றியது: தம்பி இந்தப் புல்லுக்குள் கிடந்தால்? இந்தக் குளம்பு அவன் மேல் பட்டால்? அவள் கடிவாளத்தை இழுத்தாள். கீழே இறங்கினாள். குதிரையின் கால்களைப் பார்த்தாள். அதுவரை உலகத்திலேயே அழகானவை என்று அவள் நினைத்திருந்த கால்கள் அவை. குதிரையை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். காற்று புல்லைப் படுக்கவைத்து எழுப்பியது. ஒவ்வொரு முறை புல் சாயும்போதும் ஏதோ தெரிவதுபோல் இருந்தது, எதுவும் தெரியவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பெயர் வெறும் சத்தமாகிப்போனது. அப்போது வாய்க்கு வந்தது கீங்கோ. பந்தயத்துக்கு முன் சவாரிப் பிள்ளைகள் குதிரையைச் சுற்றி ஓட்டியபடி பாடும் கூவல் அது. அதில் சொல்லே கிடையாது. குரலை நீட்டி நீட்டிப் பாடினாள்.

இடப்பக்கப் புல்லுக்குள்ளிருந்து, சிறு பூச்சி கத்துவதுபோல் மெல்லியதாய், இன்னொரு கீங்கோ வந்தது.

ஒசோர் மல்லாந்து கிடந்தான். ஒரு தொடை, வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது.

“கூப்பிட்டேனே, காதுல விழலையா?”

“விழுந்துச்சு. அப்பாவும் வந்திருப்பாரோ, விழுந்ததுக்குத் திட்டுவாரோன்னு பேசாம கிடந்தேன்.”

“லாரி?”

“சத்தம் கேட்டுச்சு. தலையைத் தூக்காம கிடந்துட்டேன்.” பிறகு கேட்டான்: “சாம்பல் வந்துச்சாக்கா?”

“வந்துச்சு. மூணாவது.”

அதைக் கேட்ட பிறகுதான் அவன் அழுதான்.

ஒசோர் பிழைத்தான். ஒரு கால் குட்டையாகிப்போனது. இப்போது மாகாணத் தலைநகரில் மோட்டார் பழுதுபார்க்கிறார், பந்தய நாளில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்கிறார். பதக்கம் வெகுகாலம் கூடாரத் தூணில் தொங்கியது. அதை யாரும் துடைக்கவில்லை, யாரும் கழற்றவும் இல்லை. துல்மா அதன்பின் குதிரையேறவில்லை.

ஆசையும் அச்சமும் இரு வேறு வீடுகளில் குடியிருப்பதாகப் படித்தவள் நான். துல்மா அக்காவிடம் அவை ஒரே கூடாரத்தில் இருக்கின்றன. இன்றும் தெருவில் ஒரு குதிரை போனால் கையில் இருக்கும் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிடுவார். அது கடந்துபோகும்வரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவரைத் துணிச்சல்காரி என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பொருந்துவதாகத் தெரியவில்லை. அன்று புல்லுக்குள் நடந்த சிறுமி இன்னும் நடந்துகொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

இந்தக் கோடையில் நானும் அவருடன் போனேன். தரை அதிர்ந்தது. புழுதி எங்களைக் கடந்தது. உள்ளே சின்னச் சின்னத் தலைகள் தெரிந்தன, எந்த முதுகு காலி என்று பார்க்க வழியில்லை. லாரியும் போனது. அக்கா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு கீங்கோ பாடினார். வயதான குரல், நடுவில் பிசிறியது. பாடி நிறுத்தினார். கேட்டார். நானும் கேட்டேன். காற்றைத் தவிர ஒன்றும் இல்லை.

“யாரும் இல்லக்கா” என்றேன். “வாங்க, போலாம்.”

“ஒசோரும்தான் அன்னிக்குப் பேசாம கிடந்தான்” என்றார்.

தேநீர்க் குடுவையை என்னிடம் கொடுத்துவிட்டுப் புல்லுக்குள் இறங்கினார். நான் பின்னால் போனேன். தடத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, புல்லைக் கையால் விலக்கி விலக்கி, முடியும் இடம் வரை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது புகழ்பாட்டு முடிந்து, குதிரைகளை வீட்டுக்கு ஓட்டிப் போயிருந்தார்கள். கிழிந்த காகிதக் கொடிகளுக்கு நடுவே நின்று அக்கா அன்றைய முதல் தேநீரைக் குடித்தார்.